சந்தையில் விலை போகாத பெட்டி

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து, எந்த எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று கேட்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் அவர் கண்ணுக்கு எல்லாமே நூறு வருடப் பழசாகத் தெரியும். ஓடாத கடிகாரம், குழல் மட்டும் மிஞ்சிய கிராமபோன், ஒரு கால் ஆடுகிற நாற்காலி. "இதோட அருமை உனக்குத் தெரியாது" என்பார். தினமும் தூசி துடைக்கிறவளுக்குத் தெரியாத அருமை!

மகள் கல்யாணமாகிப் போன மறுவாரமே அவள் அறையில் இந்தச் சாமான்கள் குடியேறிவிட்டன. இப்போது அவள் திரும்பி வருகிறாள். விருந்துக்கு இல்லை, ஒரேயடியாக. அந்த வீட்டில் பட்டது போதும் என்று போனில் சொன்னாள். நான் அழுது தீர்த்தேன். இவரோ கேட்டுவிட்டு, பித்தளைத் தொலைநோக்கியைத் துடைக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அதே வேலைதான். "அப்பா என்னம்மா சொன்னாரு?" என்று அவள் ஒவ்வொரு போனிலும் கேட்பாள். நானும் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். மனுஷன் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை கேட்டேவிட்டேன். "ஏங்க, அவ வந்தா எங்க படுப்பா? கிராமபோன் குழலுக்குள்ளயா?"

மறுநாள் விடிந்ததும் வண்டி பிடித்து எல்லாவற்றையும் ஏற்றினார். விற்கப் போகிறாராம். நானும் ஏறிக்கொண்டேன். தனியே விட்டால் இன்னொரு வண்டி சாமானோடு வந்து நிற்பார்.

சந்தைத் தெரு நடைபாதையில் போர்வை விரித்துக் கடை பரப்பினோம். வாராவாரம் இவருக்கு மாப்பிள்ளை மரியாதை கொடுக்கிற வியாபாரிகள் இன்று கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்துக் கடைத் தாடிக்காரர் மட்டும் வந்து, கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள மிஷின் புதுசு சார். வெளிய டீத்தண்ணி தடவி பழசாக்கியிருக்காங்க. யாரு உங்க தலையில கட்டினது?"

"நீங்கதாங்க," என்றார் இவர்.

தாடிக்காரர் அசரவில்லை. "அப்ப நான் விக்கிற ஆளு, இப்ப வாங்குற ஆளு. பார்வை மாறும்ல? கண்ணாடிக் கடை வச்சிருக்கிற உங்களுக்குத் தெரியாததா."

வந்த ஓரிரண்டு பேரையும் இவரே விரட்டினார். நாற்காலியைக் கேட்டவரிடம், "உங்க வீட்ல யாராவது குண்டா இருக்காங்களா?" என்று விசாரித்தார். தொலைநோக்கியைக் கேட்டவரிடம், அதில் ஒன்றும் தெரியாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். வாங்கும்போது வராத விவரம் விற்கும்போது வந்து என்ன பிரயோசனம். மத்தியானம் வரை ஈ ஓட்டினோம்.

அப்போது மகளே எதிரில் வந்து நின்றாள். சாயங்காலம் வர வேண்டியவள். முந்தின பஸ்ஸில் வந்து, வீடு பூட்டியிருக்கவே, ஞாயிற்றுக்கிழமையில் அப்பா வேறெங்கே இருப்பார் என்று நேராக இங்கே வந்துவிட்டாளாம். கையில், கல்யாணத்துக்கு இவர் வாங்கிக் கொடுத்த அதே பெட்டி. பூட்டு உடைந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதைப் போர்வை ஓரத்தில் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றாள். இவர் தொலைநோக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு பேரையும் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து ஒரு கனவான் குனிந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். காலையிலிருந்து பரப்பி வைத்த அத்தனையையும் விட்டுவிட்டு அவருக்குப் பிடித்தது அதுதான்.

"இது என்ன விலை? பூட்டு போயிருக்கு. பாத்துப் போட்டுக் குடுங்க."

இவர் எழுந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அது விக்கிறதுக்கு இல்லைங்க. எங்க வீட்டுது. வீட்டுக்குத்தான் போகுது."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவர் அவள் பக்கம் பார்க்காமல் தாடிக்காரரைக் கூப்பிட்டார்.

"இதெல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்க. இந்தப் பெட்டிய மட்டும் உங்க வண்டில கொண்டுவந்து வீட்ல இறக்கிடுங்க."

தாடிக்காரரே திகைத்துப் போனார். "எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும்."

உடைந்த பெட்டி ஒன்றை வீடு சேர்க்க ஓர் அறை நிறையச் சாமான் கூலி. இத்தனை வருடத்தில் இவர் பேசியதிலேயே படுமோசமான பேரம் அதுதான். வேறு நாளாக இருந்தால் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருப்பேன். அன்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் தாடிக்காரர் வண்டியில் ஏறினேன்.