பங்களாவுக்குப் போன கீரை

பிலோமி கீரைக்கட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வேணாம்க்கா, எங்க வீட்ல இப்ப யாரும் கீர திங்கிறதில்ல லா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்டு வாங்கித் தின்ற, லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி! நீலாவதிக்குச் சுருக்கென்றது. சும்மா கொடுப்பதையே வேண்டாம் என்கிறவள் மனசில் எதையோ வைத்திருக்கிறாள்.

எண்பதாம் வருஷத்து மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், தேயிலைத் தோட்டத்து லோரிகளின் பழைய பேட்டரிகளையும் பெயிண்ட் டின்களையும் கொட்டி மூடிய குப்பைமேட்டில்தான் நீலாவதியின் கீரைப்பாத்தி. மலைக் குளிரிலும் மதமதவென்று வளர்ந்து நின்றது. மகள் சாரதாவுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முந்தைய இரண்டும் தங்கவில்லை. ரத்தம் போதாது, கீரை கொடு என்று முதல் கர்ப்பத்திலேயே தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மகள் தட்டில் கீரை விழாத நாள் இல்லை. பிள்ளை தங்காததற்குப் பிலோமியின் கண்தான் காரணம் என்று நீலாவதி முடிவே கட்டிவிட்டாள். பாத்தி நடுவே புள்ளி குத்திய சட்டியைக்கூடக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஒன்றுதான் உதைத்தது. பிலோமியின் புருஷன் அமல்தாஸ், தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் சமையல்காரன். துரைக்கென்று வாராவாரம் நீலாவதியிடம்தான் கீரை வாங்கிப் போவான். துரை தின்கிற கீரை இந்த மகாராணிக்கு ஆகாதாமா?

இந்த வாரம் அவன் வராததால் அவளே கொண்டுபோனாள். பங்களாவின் பின்பக்கக் குப்பைக்குழியில் போன வாரத்துக் கீரை அழுகிக் கிடந்தது. சேலைக் கிழிசலால் அவள் போட்ட முடிச்சுகூட அவிழவில்லை.

அமல்தாஸ் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வந்தான்.

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்கக்கா. டவுன் ஆளுங்க வந்து அந்த மண்ண அள்ளிக்கிட்டுப் போனாங்கல்ல? சோதிச்சதுல பேட்டரி ஈயம் எறங்கியிருக்காம். அந்த வெசம் கீரையிலயும் ஏறுமாம். பங்களாக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாரு தொர."

"அப்ப எதுக்கு வாராவாரம் வாங்குன?"

"நிறுத்துனா லயத்துல கேப்பாங்கல்ல. தொரதான் வாங்கச் சொன்னாரு. வாயத் தொறந்தா வேல போயிரும், வீடும் போயிரும்க்கா."

"எம்மவ தெனம் திங்கிறது ஒனக்குத் தெரியும்தானே?"

அவன் அவள் கையிலிருந்த புதுக் கட்டை வாங்கிக் குழியில் போட்டான்.

நீலாவதி தேயிலைச் சரிவில் ஓடியபோது ஒரு செருப்பு எங்கோ கழன்று போனது. பொய் சொல்கிறானோ? பெண்டாட்டி சொல்லிக்கொடுத்ததோ? ஆனால் அந்த முடிச்சு அவள் போட்டது. போன இரண்டு தடவையும் இதே கீரைதான், இதே கைதான். மறு செருப்பையும் உதறிவிட்டு ஓடினாள்.

லயத்தில் பிலோமியின் கதவு லேசாகத் திறந்து, அவளைக் கண்டதும் மூடிக்கொண்டது.

சாரதா அடுப்போரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீலாவதி தட்டைப் பிடுங்கினாள். மகள் திகைத்து நிமிர்ந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. மறு கையில், வாய்க்குப் பாதி தூரத்தில், கீரை பிசைந்த பச்சைக் கவளம்.