மோட்டார் சுருதி

காரின் முன் இருக்கையில் உட்காரச் சொன்னபோதே கண்ணுசாமிக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கு வந்த மகன் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசாமல், வாசலில் நிறுத்திய காருக்குள் அப்பனைக் கூப்பிட்டு உட்காரவைப்பது என்ன பழக்கம்? அகரத்துத் தெருவில் போகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேட்டி மடிப்புக் கலையாமல், முதுகைச் சாய்க்காமல், நேரே பார்த்தபடி இருந்தார்.

"கார் ஸ்பீக்கர்லதான்ப்பா நல்லாக் கேக்கும். செத்த நேரம்" என்றான் மணிமாறன்.

இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிதாரைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனவன். ஓட்டல்களில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓரமாக நின்று வாசித்தான். அப்புறம் பம்பாய். ஜாஸ் என்ற ஏதோ ஒன்றோடு நம் ராகத்தையும் நையாண்டி மேளத்தின் அடியையும் கலந்து வாசிக்கிற குழு ஒன்றைச் சேர்த்து, ஜெர்மனி வரைக்கும் போய்வந்தான். இப்போது படங்களுக்கு இசையமைக்கிறான். கண்ணுசாமியோ கேட்டவர்களிடமெல்லாம் 'கம்ப்யூட்டர் கம்பெனி' என்றே சொல்லிவந்தார். அவர் குடும்பத்துக்கு ஆட்களை அழைத்து வாசிக்கச் சொல்லித்தான் பழக்கம். அழைத்த இடத்துக்குப் போய் வாசித்துப் பழக்கமில்லை. டிவியில் அவன் முகத்தோடு ஊர்ப் பேரும் வந்த நாளிலிருந்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சம்பங்கி மூட்டையை இறக்கியதும் யாரிடமும் நின்று பேசாமல் திரும்பிவிடுகிறார்.

மணிமாறன் போனைத் தொட்டான். முதலில் ஓர் உறுமல், ஏறாமல் இறங்காமல். அதன்மேல் கிதார் தயங்கித் தயங்கி வந்தது. பிறகு ஒரு குரல். அழுகையா பாட்டா என்று பிரிக்க முடியாத, இழுத்து இழுத்து உடைகிற குரல்.

அந்தக் குரலைக் கண்ணுசாமிக்கு அடையாளம் தெரிந்தது.

மனைவி மாயம்மாள் செத்துப்போனபோது அவர் அழவில்லை. மாரடிப்பதும் ஒப்பாரி வைப்பதும் பெண்கள் பாடு. கேதத்துக்கு வந்தவர்களையெல்லாம் பந்தல்காலாக நின்று கும்பிட்டு வாங்கினார். சுடுகாட்டில் காடாற்றிவிட்டு வந்த அன்று மட்டும், கிணற்றடி மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே கேட்கக்கூடாதென்று மோட்டாரைப் போட்டுவிட்டார். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்தவர் கொல்லையில் பாய்ந்ததுகூட அன்று அவருக்குத் தெரியவில்லை.

"எப்படிடா இது?" என்றார்.

"மோட்டார் சத்தம் ஒண்ணு வேணும், தண்ணி பாய்ச்ச ஆளு வர்றப்போ பதிவாகட்டும்னு அன்னிக்கு ரெக்கார்டர ரூமுக்குள்ள ஓட விட்டுட்டு வந்திருந்தேன். நீங்க வருவீங்கன்னு தெரியாதுப்பா. சென்னைக்குப் போயித்தான் கேட்டேன்." அவன் ஸ்டியரிங்கையே பார்த்துப் பேசினான். "அம்புட்டு அழுகையிலயும் அந்த மோட்டார் சுருதிய விட்டு நீங்க ஒரு எடத்துலயும் விலகல. நான் ஒங்க பின்னாடியே வாசிச்சிருக்கேன், அம்புட்டுத்தான்."

"களவாணிப்பயலே. எடுத்துரு."

"நாளைக்குப் படத்துக்குக் கடைசி மிக்ஸிங். வேணாம்னா எடுத்துர்றேன். கேக்கத்தான் வந்தேன். ஒங்க பேரு எங்கயும் வராது."

"பேரு வராட்டி? பொட்டச்சி மாதிரி ஒளிஞ்சு அழுதவன்னு எனக்குத் தெரியாதா?"

அந்நேரம் பார்த்து, அடுத்த தெருவிலிருந்து அவர் அக்கா ஜக்கம்மாள் கத்தரிக்காய்க் கூடையோடு வந்து கார் ஜன்னலில் கையை ஊன்றினாள்.

"ஏலே, அப்பனும் மகனும் ஆருக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீக?" என்றவள் காதைக் கொடுத்தாள். "யாரு அப்பு இந்தப் பொம்பள? வவுத்தக் கலக்குறாளே."

மணிமாறன் அப்பாவைப் பார்த்தான்.

"இவளுக்கு இருக்குற ஈரம் ஒனக்கு இல்லையேடா" என்று தம்பி பக்கம் திரும்பினாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா? நட்டு வச்ச கல்லாட்டம் நின்ன. பாவி மக இந்தக் கல்லுக்கா இத்தன வருசம் பொங்கிப் போட்டா!"

மணிமாறன் போனுக்குக் கையை நீட்டினான். அதற்குள் குரல் பேசிவிட்டது.

"ஏ மாயி... வெந்நி போட்டு வச்சிருக்கேன்டி. எந்திரிச்சு வா, தல அலசி விடுறேன்..."

ஜக்கம்மாளின் கை ஜன்னலிலேயே நின்றது. கண்ணுசாமி கண்ணாடிக்கு முன்னால் தெரிந்த மின்கம்பத்தைப் பார்த்தார். படுக்கையாய்க் கிடந்தவளுக்கு வெந்நீர் போட்டதும், தலையை மடியில் வைத்து அலசியதும், அவளுக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மகனுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அக்காவுக்கும். அவள் வாய் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தார். காதோரம் சுட்டது.

அவள் சிரிக்கவில்லை. கூடையைத் தரையில் வைத்தாள். பின்கதவைத் திறந்து, அதுவரை ஏறியே இராத அந்தக் காருக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் பின்னாலிருந்து வந்தது.

"நிப்பாட்டவாப்பா?"

தெருக்கோடியில் யாரோ சைக்கிளில் திரும்பினார்கள். கண்ணுசாமி கழுத்தைத் திருப்பவில்லை.

"கண்ணாடிய ஏத்துடா."

நாலு கண்ணாடிகளும் மெல்ல மேலேறின. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே ஒரு வெள்ளாடு வந்து கூடைக்குள் வாயை விட்டது. ஒவ்வொரு கத்தரிக்காயாக அது கடித்து இழுப்பதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்கி விரட்டவில்லை.