மூன்று பூச்சு வெள்ளை

முதல் பக்கத்தைக் கெடுக்கச் சொன்னாள் காலினா. ரூமியானாவால் அது மட்டும் முடியவில்லை.

ரூசே நகரத்து வாசகசாலையின் மாடியறையில், பழைய செய்தித்தாள் விரித்த நீள மேஜையைச் சுற்றி ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலினா பல் மருத்துவர். வாரம் முழுவதும் அடுத்தவர் வாயை அரை மில்லிமீட்டர் பிசகாமல் பார்த்து அலுத்துப்போய், சனிக்கிழமைகளில் இந்த ஓவியக் குறிப்பேட்டு வட்டத்தை நடத்திவந்தாள். சேருகிறவர்கள் முதல் பக்கத்தை வேண்டுமென்றே பாழாக்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். ஒரு பக்கம் பாழானால் மற்ற பக்கங்களின் மேல் இருக்கிற பயம் போய்விடுமாம். ரூமியானாவின் அக்கா வெசெலாவுக்கு இதெல்லாம் சொல்லியே தரவேண்டாம். குடித்த காபியின் மண்டியை அப்படியே பக்கத்தில் கவிழ்த்து உள்ளங்கையால் தேய்த்து, மேலே பச்சை வண்ணத்தைப் பிதுக்கி, அந்தக் கையாலேயே மூக்கையும் சொறிந்துகொண்டாள். ரூமியானா ஓரத்தில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டாள். அதுவும் அடிக்கோல் வைத்து.

"என்னடி இது, வருகைப் பதிவேடா?" என்றாள் வெசெலா. எல்லோரும் சிரித்தார்கள். ரூமியானாவும் சிரித்தாள். சிரித்துவிடுவது அவளுக்குப் பழகிப்போன காரியம்.

ரயில்வே ஆவணக் காப்பகத்தில் இருபத்தெட்டு வருடங்களாக வேலை பார்க்கிறவள் அவள். கோப்புகளுக்கு எண் போட்டு, பெட்டியில் அடுக்கி, கேட்கிறவருக்கு எடுத்துக் கொடுப்பாள். ஐம்பத்தொரு வயதில் ஒரு குறிப்பேட்டைப் பாழாக்கும் ஆசை அவளுக்குத் தானாக வந்துவிடவில்லை. வெசெலா இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். வெசெலா எங்கே போனாலும் தங்கையையும் இழுத்துக்கொண்டுதான் போவாள். ஒன்பது வருடங்களுக்கு முன், கணவனோடு ஒத்துப்போகாமல் பிரிந்த கையோடு, "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரே பெட்டியுடன் ரூமியானாவின் வீட்டுக்கு வந்தாள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. திரைச்சீலையை மாற்றினாள். வானொலியைச் சமையலறைக்குக் கொண்டுவந்து வைத்தாள். சூப்பில் உப்பு எவ்வளவு என்பதிலிருந்து ரூமியானாவுக்கு எந்தச் சட்டை பொருந்தும் என்பதுவரை அவள் வைத்ததே சட்டம். ரூமியானாவுக்கு வருகிற தொலைபேசியை எடுத்து, "அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது" என்று பதிலும் சொல்லிவிடுவாள். அதே வெசெலாதான் தங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஒரு மாதம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள். விடியுமுன் அடுமனை வேலைக்குப் போகிறவள், அந்த மாதம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. இப்படிப்பட்டவளிடம் எதை, எந்த வாயால் சொல்வது?

சொல்ல ஒன்று இருக்கத்தான் செய்தது. வார்னா துறைமுக ரயில்வே அலுவலகத்தில் ஓர் ஆவணக் காப்பாளர் இடம் காலியாக இருந்தது. கடலைப் பார்த்த ஒற்றை அறையும் உண்டு. அதை அவளுக்கே தருவதாகப் பிப்ரவரியில் கடிதம் வந்திருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ரூமியானா கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தாள். தன் வீட்டிலிருந்து அக்காவைப் போகச் சொல்வதைவிடத் தானே ஊரைவிட்டுப் போவது சுலபமாகத் தெரிந்தது. அதைச் சொல்வதற்குக்கூட நாக்கு எழவில்லை. மார்ச் முடிந்தால் தொல்லை தானாக ஒழியும் என்று இருந்தாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை காலினா ஒரு பயிற்சி கொடுத்தாள். "யார்கிட்டயும் சொல்ல முடியாதத ஒரு பக்கத்துல எழுதுங்க. எழுதிட்டு மேல வெள்ளை பூசிப் புதைச்சிடுங்க. காஞ்சப்புறம் அதுக்கு மேல படம் போடலாம். கீழ என்ன இருக்குன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

மற்றவர்கள் பென்சிலை எடுத்தார்கள். ரூமியானா கைப்பையைத் துழாவி அலுவலகத்து மார்க்கரை எடுத்தாள். கோப்புப் பெட்டிகளில் எண் போடுகிற, தண்ணீர் பட்டாலும் அழியாத சிவப்பு மார்க்கர். முக்கியமானதை அழியாத மையில் எழுத வேண்டும் என்பது இருபத்தெட்டு வருடத்துப் பழக்கம். முழங்கையால் மறைத்துக்கொண்டு இரண்டே வரி எழுதினாள்.

நான் தனியாக வாழ விரும்புகிறேன். வெசெலா எனக்கு அலுத்துவிட்டாள்.

எழுதி முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன. அவசரமாக வெள்ளையைப் பூசினாள். ரோஜா நிறமாக வந்தது. காயவைத்து இன்னொரு பூச்சு, அதற்கு மேலும் ஒன்று. மூன்றாவதில் பக்கம் பால் போல வெளுத்தது. அதன்மேல் மஞ்சளைத் தேய்த்து ஒரு கோதுமை வயலைப் போட்டாள். வாழ்க்கையில் அவள் அடிக்கோல் இல்லாமல் வரைந்த முதல் படம் அது. நன்றாகவே இருந்தது.

பிறகுதான் குலுக்கல். மாதம் ஒருமுறை குறிப்பேடுகள் கைமாறும். யாருடையது யாருக்கு வருகிறதோ, அவர் அதில் இஷ்டப்பட்ட பக்கத்தில் இஷ்டப்பட்டதைச் செய்யலாம். கடைசிச் சனிக்கிழமைவரை சொந்தக்காரர் எட்டிப் பார்க்கக்கூடாது, கேட்கவும் கூடாது. ரூமியானாவுடையது வெசெலாவுக்கு விழுந்தது.

"என் தங்கச்சி பொஸ்தகம் எனக்கே வந்துடுச்சு!" என்று வெசெலா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் மணிக்கட்டில் மார்ச் முதல் தேதி கட்டிய மார்த்தெனிட்சா, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல், ஆடியது. அந்த விஷயத்தில் வெசெலா படு கறார். ஊர் வழக்கப்படி, வானத்தில் முதல் நாரையைப் பார்க்காமல் அவிழ்க்கமாட்டாள். ஒரு வருடம் நாரை கண்ணில் படாமல் மே மாதம்வரை அழுக்கு நூலோடு ரொட்டி பிசைந்தாள்.

பன்னிரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. அலுவலகத்தில் ஒரு பெட்டிக்குத் தவறான எண் போட்டுவிட்டு, வட்டத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளையை அதன்மேல் பூசிச் சரியான எண்ணை எழுதியிருந்தாள் ரூமியானா. வியாழக்கிழமை அந்தப் பெட்டியை இறக்கியபோது, சரியான எண்ணுக்கு அடியில் தவறான எண் ரோஜா நிறத்தில் எழுந்து நின்றது. தண்ணீருக்கு அழியாத அந்த மை, பூசிய வெள்ளைக்குள் நாள்போக்கில் ஊறி மேலே வந்துவிடும்போல. கோதுமை வயலுக்கு அடியில் இருப்பதும் அதே மைதான். பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மதியம் தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்தாள். வெசெலா வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. வெள்ளைக் குப்பியும் தூரிகையுமாக அக்காவின் அறைக்குள் நுழைந்தாள். ஜன்னலோர மேஜையில் குறிப்பேடு இருந்தது. மேலே வெசெலாவின் மூக்குக்கண்ணாடி. இன்னொரு பூச்சு பூசினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் கை நீளவில்லை. அக்கா ஏற்கெனவே பார்த்திருந்தால் இந்த வெள்ளையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பார்க்காமலிருந்தால்? அங்கேதான் ரூமியானா தன்னையே கையும் களவுமாகப் பிடித்தாள். பார்த்திருக்கக்கூடாதே என்று பதறுகிற மனதுக்குள், பார்த்திருந்தால் தேவலையே என்று ஒன்று ஓரமாக உட்கார்ந்திருந்தது. தான் சொல்லவேண்டியதை மை சொல்லிவிட்டால் எவ்வளவு சௌகரியம். அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. குப்பியை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு வெசெலாவின் முகத்தைப் படிப்பதே வேலையாயிற்று. ஒன்றும் தெரியவில்லை. அடுமனையிலிருந்து வழக்கம்போல் சூடான பனிட்சா, பாலாடைக்கட்டி வைத்த அடுக்கு ரொட்டி, கொண்டுவந்தாள். வழக்கம்போல் தங்கையைச் சாப்பிடச் சொல்லி விரட்டினாள். ஆனால் வானொலி இரண்டு நாளாக ஓடவில்லை. பேட்டரி தீர்ந்ததாக இருக்கும் என்று ரூமியானா நினைத்துக்கொண்டாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை காலை காபி ஊற்றும்போது அக்காவின் மணிக்கட்டு வெறுமையாக இருந்ததையும் கவனித்தாள். நாரை வந்துவிட்டது போலிருக்கிறது.

மறுநாள்தான் கடைசிச் சனிக்கிழமை. ஒவ்வொரு குறிப்பேடாக மேஜை நடுவில் வைத்துச் சொந்தக்காரர் திறக்க, மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெசெலா ரூமியானாவின் குறிப்பேட்டை அவள் முன்னால் நகர்த்தினாள்.

"பாத்துத் தெற. நூல் மாட்டிக்கும்."

கோதுமை வயலின் மேல்பாதியில் முதல் வரி எழுந்து வந்திருந்தது. வந்த எழுத்துகளின் மேலேயே ஊசியால் தைத்திருந்தாள் வெசெலா. நான் தனியாக வாழ விரும்புகிறேன். தையல் தெரியாத கை. துளைகள் பெரிசு பெரிசாக, சில இடத்தில் காகிதம் கிழிந்து, நூல் கோணல்மாணலாகப் போயிருந்தது. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல். கீழே இரண்டாவது வரி இருந்த இடத்தில் கோதுமை இல்லை. அங்கே புதிதாக, கனமாக, வெறும் வெள்ளை.

எல்லோரும் இன்னும் கிட்டே குனிந்தார்கள். கடைசியில் பழைய தபால்காரி ஸ்வெத்லா கேட்டாள். "வெசெலா, இது நீ எழுதுனதா? அம்புட்டுத் தூரம் அலுத்துப்போச்சா உனக்கு?"

வெசெலா காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். எதற்கும் உடனே பதில் வைத்திருக்கிறவள், அன்றைக்கு அந்த இடத்தைத் தங்கைக்குக் காலியாக விட்டிருந்தாள். ரூமியானா பேசாமலிருந்தால் போதும். வட்டம் முழுக்க இதை வெசெலாவுடையதென்று எடுத்துக்கொள்ளும், வெசெலாவும் மறுக்கமாட்டாள்.

"நான் எழுதினது," என்றாள் ரூமியானா. குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "வார்னாவுல வேலை கெடைச்சிருக்கு. செவ்வாக்கிழமைக்குள்ள பதில் எழுதணும். எழுதப்போறேன்."

காலினா எழுந்து, காபி போடுகிறேன் என்று எல்லோரையும் பக்கத்து அறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மேஜையில் இருவரும் மிஞ்சினார்கள்.

"அங்க கடல் காத்து," என்றாள் வெசெலா. "உனக்குக் காது வலிக்கும். தொப்பி போட மாட்ட நீ."

"போடுறேன்."

"மாட்ட."

ரூமியானா தையலின்மேல் விரலை ஓட்டினாள். "நாரையைப் பாத்தியாக்கா?"

"இல்ல."

"பாக்காமயா அவுத்த?"

"வீட்டுல வேற நூல் இல்லடி." வெசெலா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு கீழேயிருந்த வெள்ளையைக் காட்டாமலே காட்டி, "அங்க மூணு பூச்சு பூசியிருக்கேன். இனிமே தெரியாது," என்றாள்.

ரூமியானா அக்காவின் வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னல் வெயில் பக்கத்தின்மேல் விழுந்திருந்தது. வெள்ளையின் இடது ஓரத்தில், வெசெலாவின் பெயருடைய முதல் எழுத்து, லேசான ரோஜா நிறத்தில் மேலே வரத் தொடங்கியிருந்தது.