லாயம் என்று எழுதிய நிலம்

"குதிர நிக்கிற வரைக்கும் அது லாயந்தாம்மா, சர்க்கார் புஸ்தகத்துல—"

"நான் கேவுரு வெதைக்கத்தானே வாங்கினேன், கர்ணம் ஐயா!"

ஆம்பூரை அடுத்த அந்த ஜட்கா லாயத்து நிலத்தை சத்தார் பாயிடமிருந்து அம்சவேணி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. புஞ்சை என்று கணக்கில் மாற்றினால்தான் கிணறு வெட்ட உத்தரவு கிடைக்கும். பாய் விட்டுப்போன கிழட்டுக் குதிரையோ வேலிக்குள் நின்று புல் மென்றுகொண்டிருந்தது.

"வெள்ளிக்கெழம தாசில்தார் பாக்க வர்றாரு. அதுக்குள்ள குதிரய யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏர்ல பூட்டிட்டா?"

"பூட்டினாலும் குதிர குதிரதாம்மா. கெழம் வேற. அத வெச்சி இன்னா பண்றீங்க?"

"பேசறேன்."

கர்ணம் செங்கல்வராயன் சிரித்துவிட்டார். "கேக்குதா?"

"நீங்க கேக்கறதவிட ஜாஸ்தியாவே கேக்குது."

கணவர் போன பிறகு, அவள் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற ஜீவன் அது ஒன்றுதான். கிணறு இல்லாவிட்டால் சோறு இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். குதிரையின் கயிற்றை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, குடையை விரித்துப் பாதையில் இறங்கினார்.

"உங்க கொல்லையில கட்டிக்குங்க ஐயா. தெனம் ஒரு தரம் வந்து பேசிட்டுப் போய்டறேன்."