நோயாளியின் விருப்பம்

என் மனைவி ஹெலினா இறந்து எட்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் செல்கள் ஆய்வகத்தில் இன்னும் உயிரோடு வளர்கின்றனவாம். வேறு ஆய்வு நிலையங்களுக்கும் அனுப்பப் புதிய சம்மதப் படிவம் வேண்டும், சாட்சிக்கு ஒருவரை அழைத்து வாருங்கள் என்றார்கள்.

ஹெலினாவின் தங்கை ஜெபா, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

பழைய படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். அன்று ஹெலினா நாலடி தள்ளி, சக்கர நாற்காலியில், நல்ல நினைவோடுதான் இருந்தாள். நர்ஸ் படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஹஸ்பண்டுதானே? இங்க, இங்க, இங்க."

போட்டேன். கூரியர் சீட்டைக்கூடப் படித்துவிட்டுத்தான் ஹெலினா கையெழுத்துப் போடுவாள்.

"இன்னாப்பா இத்தினி கையெழுத்து? எனுக்குத் தெரியாம ஊட்ட எழுதித் தரியா?" என்றாள்.

"சும்மா ஃபார்மாலிட்டி" என்றேன்.

ஆய்வக அலுவலர் கிருஷ்ணப்பிரியா மைக்ராஸ்கோப்பில் காட்டினார். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

"நேத்துதான் ரெண்டு தட்டா பிரிச்சோம் சார். இடம் பத்தல."

ஜெபா பார்க்க மறுத்துவிட்டாள். "அது அக்கா இல்ல மாமா. அக்காவக் கொன்னது."

தெரியும். ஆனால் அவளுடையதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

படிவத்தில் ஒரு வரி: 'உயிருடன் இருந்தபோது நோயாளி தெரிவித்த விருப்பம்.'

"இத காலியா விட்டா?"

"கமிட்டி ஒத்துக்காது சார். செல் எல்லாத்தையும் அழிச்சிடணும்."

'சம்மதம் தெரிவித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜெபாவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தவள் அந்த வரியில் நின்றாள்.

"அன்னிக்கு அக்கா வீல்சேரப் புட்ச்சிகினு நின்னது நான்தான் மாமா."

"தெரியும்."

"அவ கேட்டது என் காதுல வுழுந்துச்சு. நீங்க சொன்னதும்."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"நீங்க போடுன்னா போடறேன். சொல்லுங்க."

படிவத்தைத் திரும்ப வாங்கினேன். எழுதியதை அடித்துவிட்டு, மேலே 'அவரிடம் கேட்கவில்லை' என்று எழுதினேன்.

கிருஷ்ணப்பிரியா அதை இரண்டு முறை படித்தார். வாதாடவில்லை.

"எப்படி அழிப்பீங்க?"

"ப்ளீச் ஊத்துவோம் சார். பத்து நிமிஷம்." பிறகு, நான் கேட்காமலே, "அதுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார்.

"இப்பவே பண்ணிடுங்க. நாங்க வெளிய இருக்கோம்."

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஜெபா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சிருக்குமா மாமா?"

போனில் மணி பார்த்தேன். நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.