லேசான கை

உள்ளே பித்தளைக் கிண்ணம் ஒன்று தரையில் விழுந்து, சுவர்வரை உருண்டுபோய் மோதியது. அதன் பின்னாலேயே அம்சவல்லியின் குரல்: "உள்ள வராதீங்க!"

வைரக்கண்ணு எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி மல்லாந்தது. திரைச்சீலையைப் பிடித்த கை, பிடித்தபடியே நின்றுவிட்டது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி, தஞ்சாவூரில் ஒரு மாடியில் இருக்கும் இந்த ஆயுர்வேத நிலையத்துக்கு இரண்டு வாரமாக மனைவியைக் கூட்டிவருகிறார். ஒருநாளும் அந்தத் திரையைத் தாண்டியதில்லை. இன்றைக்கும் அவராகப் போகவில்லை. "அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க" என்று உள்ளே மசாஜ் செய்துகொண்டிருந்த சுமையாதான் கூப்பிட்டாள். அதைக் கேட்டதும் அம்சவல்லி பதறிப் போர்வையை இழுக்க, எண்ணெய்க் கிண்ணம் பறந்துவிட்டது.

சுமையா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "ஒண்ணுமில்லண்ணே. கிண்ணத்துக்குத்தான் அடி."

போன வருஷம் அம்சவல்லிக்கு இடது மார்பில் புற்றுநோய். மார்பையும், அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள். உயிர் தப்பியது. சில மாதம் கழித்து இடது கை வீங்க ஆரம்பித்தது. கழற்ற முடியாத வளையலை ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தார்கள். ரவிக்கையின் இடது கையை மட்டும் பிரித்து ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக்கொண்டாள். கையில் தேங்கும் நிணநீரை நீவி வேறு வழியாக வடிக்கவேண்டும் என்று சொல்லி, சுமையாவிடம் அனுப்பிவைத்தது அவளுடைய டாக்டர்தான். கேரளாவில் ஆயுர்வேத மசாஜ் படித்துவிட்டு, இதற்கென்று தனியாகவும் பயிற்சி எடுத்தவள் சுமையா.

"கை நல்லா வத்திருச்சுண்ணே. ஆனா விட்டா திரும்ப வீங்கும். வீட்ல தெனமும் செய்யணும். அக்கா தானே செஞ்சிக்கிறேங்கறாங்க. முதுகு எட்டாதே! மொதல்ல கழுத்து, அப்புறம் நெஞ்சு, முதுகு, நல்லா இருக்கற பக்கத்து அக்குள். இங்கல்லாம் வழி பண்ணிட்டுத்தான் கைக்கு வரணும். வெறும் கைய நீவுனா பிரயோஜனம் இல்ல."

"வடிகால் வெட்டாம வயல்ல தண்ணிய தள்ளுன மாதிரி" என்றார் வைரக்கண்ணு.

"ஆரம்பிச்சிட்டாரு. எதுக்கெடுத்தாலும் வயலு, வாய்க்காலு" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "என் தங்கச்சி ஜெயபாரதி வந்து செய்வா. அவருக்கு ஒண்ணும் சொல்லித்தர வேணாம்."

"மாயவரத்துலேர்ந்து தெனமும் வருவாளா?" என்றார் வைரக்கண்ணு.

திரை விலகவில்லை. சுமையா அவரை உட்காரவைத்து, அவருடைய முன்கையிலேயே செய்து காட்டினாள். பிறகு அவரைச் செய்யச் சொன்னாள். அவர் பலமாக அழுத்தித் தேய்த்தார்.

"அண்ணே, நீங்க மண்வெட்டி பிடிக்கல. தோலு மட்டும் லேசா நகரணும், அடியில சதை நகரக் கூடாது. அழுத்துனா நீர் ஓடற குழாய் மூடிக்கும்."

எத்தனை முறை செய்தாலும் கை கனமாகவே விழுந்தது. கடைசியில் சுமையா பேசிக்கொண்டே செய்வதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் அம்சவல்லி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு தொடங்கினால் இவரால் தஞ்சாவூருக்கு அலைய முடியாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் எப்படிக் காட்டுவது? ஆஸ்பத்திரியிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், கட்டுப் பிரிக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று. ஜெயபாரதிதான் துணைக்கு இருந்தாள். நடுவில் காய்ச்சல் வந்து நினைவில்லாமல் கிடந்தபோதும் தங்கைதான் எல்லாம் பார்த்திருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு, உடை மாற்றும்போதெல்லாம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒருநாளாவது அவர் கதவைத் தட்டி, "எனக்கென்னடி மறைக்கிற?" என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். அவர் கேட்கவே இல்லை. பார்க்கப் பிடிக்காமல்தான் கேட்கவில்லை என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

நடவு தொடங்கியது. அவர் விடிவதற்குள் வயலுக்குப் போய்விடுவார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு எட்டிய இடத்தைத் தானே நீவினாள். முதுகு எட்டவில்லை. நெஞ்சில் கை வைக்க அவளுக்கே மனம் வரவில்லை. வெறும் கையைத்தான் நீவினாள். கைக்கு மாட்டும் இறுக்க உறை மறுபடி ஏற மறுத்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. போனில் சுமையா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "இப்படியே விட்டா கெட்டிப்பட்டுடும்க்கா. அப்புறம் நான் நெனச்சாலும் கரைக்க முடியாது."

அன்று மத்தியானம் கொல்லைப்பக்கத்திலிருந்து சுமையாவின் குரல் கேட்டது. "மெதுவா... தோலு மட்டும்... அவசரப்படாதீங்கண்ணே." இவள் எப்போது வந்தாள் என்று அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். மாட்டுக்கொட்டகையில் தீவனத் தொட்டிமேல் போனைச் சாத்திவைத்துவிட்டு, வைரக்கண்ணு பசுவின் கழுத்தை நீவிக்கொண்டிருந்தார். வீடியோவில் சுமையா சொல்லச் சொல்ல, கோழிக்குஞ்சைத் தடவுவதுபோல விரல்கள் நகர்ந்தன. பசு கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"ஏங்க, அதுக்கும் வீங்கிருச்சா?"

அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். பசு கண்ணைத் திறந்து அவரை முறைத்தது.

"கை பழகணும்ல" என்றார், போனைத் தேடி அணைத்தபடி. "மொத நாளு முட்ட வந்துச்சு. இப்ப பாரு, நிறுத்துனா கோவிச்சுக்குது."

அம்சவல்லி சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. அப்போதுதான் அவருடைய உள்ளங்கைகளைக் கவனித்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன இடங்கள் மழுமழுவென்று இருந்தன. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். குளியலறையில் தான் கால் தேய்க்கும் கல் ஏன் ஒரு பக்கம் தேய்ந்துபோகிறது என்று இத்தனை நாளாகப் புரியாமல் இருந்தது.

"சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வாங்க. மாட்டு வாடையோட வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் வந்ததும் அவளே தாழ்ப்பாள் போட்டாள். இந்த முறை அவர் உள்ளே இருந்தார்.

"நான் கண்ண மூடிக்கிறேன்" என்றார். இறுக்கி மூடிக்கொண்டு கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றி, முந்தானையை விலக்கி, சுவரைப் பார்த்தாள். முதலில் கழுத்து. சுமையாவின் கையைப் போலவே அந்தக் கை பட்டும் படாமலும் நகர்ந்தது. தோளைத் தாண்டிக் கீழே இறங்கியது. தையல் தழும்பின் ஓரமாகவே மெல்ல நகர்ந்து, நல்ல பக்கத்து அக்குளை நோக்கிப் போய்த் திரும்பியது. அடுத்த முறை இடது விலாவுக்கு வந்தபோது விரல்கள் சட்டென்று மேலெழும்பி, ஒரு சின்ன இடத்தைத் தாண்டி, மறுபடி இறங்கின. நீர் வடியக் குழாய் சொருகியிருந்த இடம் அது. சுருங்கிக் குழிந்து, தொட்டால் இன்றும் வலிக்கும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்கள் மூடியேதான் இருந்தன.

"அங்க தொட்டா வலிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சுமையா சொன்னாளா?"

அவர் கை நிற்கவில்லை.

"ஜெயபாரதி காயத்தப் பாத்ததும் மயங்கி விழுந்துட்டா, அம்சா. நீ ஜுரத்துல கெடந்தப்ப, கட்டு மாத்த உன்ன நிமித்திப் பிடிச்சிக்கிட்டு இருந்தது நாந்தான்."