அடிப்பெட்டிக்கு ஏற்ற இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு சொல்லிலிருந்து வந்தது. 'அடி' என்ற சொல். ஈப்போவில் நான் வேலை பார்க்கும் ரேடியோ கடையில் முதலாளி சவரிநாதன் 'பேஸ்' என்று சொல்லமாட்டார். பாட்டின் கீழ்ச்சத்தம், காதைவிட நெஞ்சுக்கு முதலில் தெரிகிற சத்தம், அதற்கு அவர் வைத்த பேர் அடி. அந்தச் சத்தத்துக்கென்றே தனியாக வருகிற சப்வூபர் எங்களுக்கு அடிப்பெட்டி. "அடி பத்தல", "அடி ஜாஸ்தி", "இந்த மூலையில அடி நல்லா நிக்குது" என்று நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்போம். புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

1986-இல் செல்லாயி என்ற பெண் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னாள். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். அவள் இப்போது உயிரோடு இல்லை. மூன்று வருடங்களாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்தால் கொஞ்சம் நிம்மதி வரும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். வரவில்லை. இனியும் வராது.

2

முதல் தொடக்கம்: 'செல்லாயி வீட்டு வாசலில் செம்பருத்தி பூத்திருந்தது.'

பூத்திருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? முப்பது கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் செடியையா பார்ப்பான்? அந்த வரியை அடித்துவிட்டேன். (எழுதியதை நீக்குவதற்கும் இதே சொல்தான். என்ன மொழியோ.)

இரண்டாம் தொடக்கம்: 'அவள் புருசன் ஜெயபாலன் கெட்டவன்.'

இப்படி ஆரம்பித்தால் கதை ஓட்டமாக ஓடும். ஆனால் முதல் நாள் எனக்கு ஜெயபாலனைப் பிடித்திருந்தது. ஐந்தே நிமிடத்தில் என்னை மச்சான் என்று கூப்பிட்டான். லகாட் பக்கம் ஈயச் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவன். ஈயத்தின் விலை விழுந்து சுரங்கத்தை மூடிய பிறகு வீட்டிலேயே இருந்தான். முன்னறையில் பெரிய டீவி, வீடியோ, இரண்டு ஸ்பீக்கர். அடி மட்டும் இல்லை.

"இருவது வருசம் பம்பு சத்தத்துலயே கெடந்தவன் மச்சான். இப்ப வூடு செத்த மாதிரி இருக்கு. படம் போட்டா தரை ஆடணும்லா."

அவன்மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. இதையும் எழுதாமல் விட முடியவில்லை.

3

அடிப்பெட்டியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆள் உட்காரும் நாற்காலியில் பெட்டியை ஏற்றி வைத்து, ஒரே கீழ்ச்சத்தம் திரும்பத் திரும்ப வரும் கேசட்டை ஓடவிட வேண்டும். பிறகு நாம் சுவரோரமாக முட்டிபோட்டுத் தவழ வேண்டும். மூலைக்குப் போனால் சத்தம் ஊதிப் பெருக்கும். சில இடங்களில் ஒன்றுமே கேட்காது. எங்கே கொழகொழப்பில்லாமல் திட்டமாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் ஆளை உட்காரவைத்தால் அதே சத்தம் அவரிடம் போய்ச் சேரும். அறைக்கு அறை இது மாறும். புத்தகத்தைப் பார்த்துச் செய்ய முடியாது.

ஜெயபாலனும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே தவழ்ந்தான். செல்லாயி மைலோ கலக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தவள் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"என்னண்ணே தேடுறீங்க? காசு விழுந்திருச்சா?"

"அடி எங்க விழுதுன்னு பாக்குறோம் தங்கச்சி."

அவள் சிரிப்பு நின்றது.

(நின்றதா? அன்று நான் கவனிக்கவில்லை. எழுதும்போதுதான் கவனிக்கிறேன். இல்லையென்றால் எழுதும்போதுதான் சேர்க்கிறேன்.)

பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவர்தான் நல்ல இடமாக அமைந்தது. வைத்து முடித்ததும் பக்கத்து வீட்டு ரோசம்மா ஓடி வந்தார், அலமாரியில் பீங்கான் தட்டெல்லாம் ஆடுகிறது என்று. ஜெயபாலன் கோபப்படவில்லை. ஒரு டின் முறுக்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்ப் பணிவாகச் சொன்னான்.

"படம் ஓடும்போது மட்டும்தான்க்கா. கொஞ்சம் பொறுத்துக்குங்கலா."

ரோசம்மாவும் பொறுத்துக்கொண்டார். எவ்வளவு மரியாதையான மனுசன் என்று நான் வேனில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

4

மூன்று வாரம் கழித்துக் கடைக்கு போன் வந்தது. நாற்காலியை மாற்றிப் போட்டதில் அடி போய்விட்டதாம். மத்தியானம் போனேன். மறுபடி தவழ்ந்தேன். பெட்டியை ஒன்றரை அடி நகர்த்த வேண்டியிருந்தது. ஒயர் எட்டவில்லை. அதைக் கழற்றிவிட்டு, வேறு நீளமான ஒயரைச் சமையலறைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டிருந்தேன். ஜெயபாலன் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

செல்லாயி வந்து நின்றாள். முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பித்தானையும் பூட்டியிருந்தாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் கொசுவுக்காக அப்படிப் போடுவார்கள். ஈப்போ வெயிலில், வீட்டுக்குள், யாரும் போடமாட்டார்கள்.

"அண்ணே, அடி தாங்க முடியலண்ணே."

மெதுவாகச் சொல்லவில்லை. முன்னறைக்கும் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். புருசன் காதுபட அந்த வீட்டில் அவள் சொல்லக்கூடிய ஒரே சொல் அதுதான். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சத்தம் என்று அவன் நினைத்துக்கொள்வான், அண்ணனுக்கு மட்டும் புரியும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எவ்வளவு கெட்டிக்காரி.

"கம்மி பண்ணிரலாம் தங்கச்சி. நம்ம கையிலதான இருக்கு."

சமையலறை வாசலை ஒட்டியிருந்த பெட்டியின் சத்தக் குமிழை எட்டி ஆறிலிருந்து நாலுக்குத் திருப்பினேன். அவள் அந்தக் குமிழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். கிளம்பும்போது நான் ஜெயபாலனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"தங்கச்சிக்கு அடி தாங்கலையாம் மச்சான். கம்மி பண்ணிட்டேன்."

"அப்படியா சொன்னா?" என்று அவனும் சிரித்தான்.

5

நாலாம் நாள் அவள் இறந்துபோனாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஜெயபாலன் சொன்னான். போலீஸ்காரர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். சாவு வீட்டுக்கு வெளியே ரோசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கேட்டிச்சு தம்பி. சாயந்தரம் அஞ்சு மணிக்குச் சுவரே அதிர்ந்திச்சு. படம் ஓடுதுன்னு நெனச்சோம்லா. அவருதான் அன்னிக்கே வந்து சொல்லிட்டுப் போனாரே."

நான் தவழ்ந்து தவழ்ந்து கண்டுபிடித்த இடம்.

முடிவுகளை மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆம்புரோஸ் (என் பேர் அதுதான், இதுவரை சொல்லத் தோன்றவில்லை) சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்கிறான். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வியாபாரம் செய்யும் அவள் தம்பி ஐயாவு வீட்டுக்குக் கடை வேனிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான். வழியில் தெலுக் இந்தான் வரைக்கும் எழுதிவிட்டேன். துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையிலிருந்து அவள் என் பக்கம் திரும்பி, "ஏண்ணே, அன்னிக்கு நீங்க—"

அதற்குமேல் எழுத முடியவில்லை.

இன்னொன்றில் ஆம்புரோசுக்குப் புரியவில்லை, ஆனால் ஜெயபாலனிடம் வாயைத் திறக்காமல் வந்துவிடுகிறான். அவள் நாலாம் நாளைத் தாண்டுகிறாள். பிறகு ஐந்தாம் நாள், ஆறாம் நாள். எத்தனை நாளைக்கு என்று யோசித்துக் கிழித்துப் போட்டேன்.

6

போன மாதம் இதையெல்லாம் சவரிநாதனிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். அழுவாரோ என்று பார்த்தேன். அவர் நாலாம் பகுதியைத் திருப்பி என்முன் வைத்தார்.

"ஒயர கழட்டி மாத்திக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருக்க."

"ஆமாண்ணே."

"அப்பன்னா பெட்டியில சத்தமே இருந்திருக்காதேப்பா."

நான் தாள்களை எடுத்து அடுக்கினேன். அவர் சாலிடரிங் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லி முகம் கழுவப் போனார்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். சத்தம் இல்லை. பெட்டி ஊமையாகக் கிடந்தது. வீட்டில் பேப்பர் புரட்டுகிற ஓசை மட்டும்தான். ஓடாத பெட்டியின் குமிழைத்தான் அவள் கண்முன்னால் ஆறிலிருந்து நாலுக்குத் திருப்பினேன். எனக்குப் புரிந்தது. அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் புரிந்தது. அடுத்தவன் பெண்டாட்டி, வாடிக்கைக்காரர் வீடு, புருசன் பெண்டாட்டி விசயம், நமக்கெதற்கு. இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் ஓடிவிட்டது.

ஜெயபாலனிடம் ஏன் சொன்னேன்? அவன் வெட்கப்பட்டு நிறுத்தட்டும் என்று சொன்னதாக ஒரு பிரதியில் எழுதியிருக்கிறேன். பொய். அவள் சொன்னது அவன் காதில் விழுந்திருக்குமோ, நானும் அவளுக்கு உடந்தை என்று நினைத்துவிடுவானோ என்று பயந்தேன். அவள் பெட்டியைப் பற்றித்தான் பேசினாள் என்று அவனிடம் காட்டிவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. தப்பித்துவிட்டேன். நான் மட்டும்.

முதல் பகுதியில் 'தப்பாகப் புரிந்துகொண்டேன்' என்று எழுதியிருக்கிறேனே, அதைத் திருத்தலாமா என்று பேனாவை எடுத்தேன். திருத்தவில்லை. மூன்று வருடம் நான் எப்படி வாழ்ந்தேன் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி.

7

முடிவு எழுதும் யோக்கியதை எனக்கில்லை. உங்களிடம் விடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். புரியவில்லை என்று மட்டும் எழுத முடியாது, அந்த இடத்தை நானே பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம். முன்னறையில் அவன் இருக்கிறான். சமையலறையின் பின்கதவு திறந்திருக்கிறது. வேன் சந்தில் நிற்கிறது, சாவி உங்கள் சட்டைப்பையில். அவள் சொல்லி முடித்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.